பங்குனி உத்திரத்தை விட்டு, திஞ்சான் லீவுக்குப் பூக்குழியை மாற்றலாமா?

வடக்குத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி முடிஞ்ச வாரம் கோயில் கமிட்டியில பேசினதை இங்கே போடுறேன். வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்களும் கருத்துச் சொல்லணும். வர்ற வருசத்திலேருந்து அம்மன் திருவிழாவைப் பங்குனி உத்திரத்துக்குப் பதிலா, சித்திரை 1-ஐ ஒட்டி வர்ற திஞ்சான், அதாவது பர்மாத் தண்ணித் திருவிழா லீவுல வைக்கலாமாங்கிறதுதான் கேள்வி. வைக்கணும்னு சொல்ற கட்சி நான்.

போன பங்குனி உத்திரம் 2025 ஏப்ரல் 11. வர்றது 2026 ஏப்ரல் 1, புதன்கிழமை. 2024-ல மார்ச் 25-ல வந்துச்சு. பர்மாக்காரங்க தபாங் மாசப் பௌர்ணமி லீவுக்கு அடுத்த நாளா இருந்ததால அந்த வருசம் ஓரளவு கூட்டம். மத்த வருசமெல்லாம் சப்பரம் தூக்கத் தோள் இல்ல. போன தடவை லாரியில ஏத்தித்தான் அம்மனை ஊர் சுத்திக் கொண்டு வந்தோம். தவில் அடிக்க முடோன்லேருந்து ஆள் பிடிச்சோம். பூக்குழிக்கு விறகு பிளந்தது எல்லாம் அறுபது வயசு தாண்டினவங்க.

இளவட்டம் பூரா தாய்லாந்து மகாச்சாய் மீன் கம்பெனியில, பேங்காக் கட்டட வேலையில, மலேசியா ஓட்டல்ல. தாய்லாந்துல சோங்க்ரான் ஏப்ரல் 13-லேருந்து 15. கம்பெனி மூடுறது அப்பத்தான். இங்கே திஞ்சானும் அதே 13-லேருந்து 16. நம்ம வருசப்பிறப்பும் அதுக்குள்ளேயே வருது. மூணும் ஒண்ணு கூடுற இடத்தில அம்மனுக்குக் காப்புக் கட்டினா என்ன குறைஞ்சிடும்? ஆடிக்கு மாத்தலாம்னு ஒருத்தர் சொன்னார். நம்ம கரை மழையில ஆடி மாசம் குழி வெட்டினா தெப்பக்குளம்தான் கிடைக்கும், நெருப்பு நிக்காது. அதனால ஏப்ரல்தான்.

கரகவீட்டுப் பேத்தி

தம்பி, நல்ல மனசோட கேட்டிருக்கீங்க. அதனால விவரமாவே சொல்றேன்.

எங்க வீட்டில மூணு தலைமுறையாக் கரகம் எடுக்கிறோம். நம்ம ஊர்க் கரகம் ஜோடிக்கிறது கோயில்ல இல்ல, கடற்கரையில. கடல் வெள்ளம் ஏறி வந்து கீழ்க்கரைக் கல்படியைத் தொடணும். அந்தத் தண்ணியை மொண்டு குடத்தில ஊத்தி, வேப்பிலை கட்டி, பூச்சுத்தி, அங்கேருந்துதான் அம்மா புறப்படுறா. இது மார்த்தபான் வளைகுடா. ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் 15 அடிக்கு மேல வித்தியாசம் வர்ற கடல். வத்தத்தில போய்ப் பாருங்க, படிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு. கால் வைச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும். சைக்காமியில கடலுக்குள்ள இருக்கிற புத்தர் கோயிலுக்கு, அந்தப் பயாவுக்குப் போயிருக்கீங்க இல்ல? வெள்ளம் ஏறினா நடைபாதையே முங்கிப் போகுது. அதே கடல்தான் இது.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் வெள்ளம் படி வரைக்கும் வரும். வர்ற நேரமும் எந்த மாசமானாலும் ஏறக்குறைய ஒண்ணேதான். அதனாலதான் கரகம் எப்பப் புறப்படும்னு நம்ம ஊர்ல யாரும் யாரையும் கேக்கிறதில்ல. அதிலும் பங்குனிப் பௌர்ணமி ஏத்தம் வருசத்திலேயே பெரிய ஏத்தங்கள்ல ஒண்ணு. இந்த நாளை வைச்சவங்க கடலைப் பார்த்து வைச்சவங்க.

திஞ்சான் தேதி மாறாது, ஆனா அன்னிக்குச் சந்திரன் எங்கே இருக்கும்னு யாராவது பார்த்தீங்களா? 2026-ல ஏப்ரல் 17 அமாவாசை. சித்திரை 1 அதுக்கு மூணு நாள் முந்தி. தண்ணி ஏதோ வரும்னு வைச்சுக்குவோம். 2027-ல அதே ஏப்ரல் 14 வளர்பிறை அட்டமி. அட்டமித் தண்ணி படியைத் தொடாது. நான் சேத்துல இறங்கிக் குட்டையில மொள்ளவா? இல்ல, குழாய்த் தண்ணி பிடிச்சு அம்மான்னு சொல்லவா?

ரப்பர்காடு

கரகம் எடுக்கிறவங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கும்பிட வர்றவங்க கதையையும் கேளுங்க. நாங்க தன்பியூசயாட் பக்கத்துத் தோட்டத்தில ரப்பர் பால் வெட்டுறோம். நடு ராத்திரி எழுந்து தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போனா, வெயில் ஏறுறதுக்குள்ள கொட்டாங்கச்சிப் பாலைச் சேத்து முடிக்கணும். மழை தொடங்கிட்டா வெட்டு நின்னுபோகும். அதுக்குள்ள எத்தனை நாள் வெட்டுறோமோ அதுதான் வருசச் சம்பாத்தியம். புதன்கிழமை உத்திரம்னு சொன்னா முதலாளிக்கு அது வெறும் புதன்கிழமை. திஞ்சானுக்கு அவரே கதவைப் பூட்டிடுவார்.

எங்க லயத்து வீடுகள்லேருந்து அம்மனைப் பார்க்க வராத பிள்ளைங்க நிறைய இருக்கு. பெரியவங்க சொல்லக் கேட்டதோட சரி. நான் மாத்துற பக்கம்.

மோல்மேன் மருமகள்

திஞ்சான் வேணாம்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரே காரணம்தான், அது பொம்பளைங்க காரணம்.

திஞ்சான் அன்னிக்குப் பால்குடம் எடுத்து மெயின் ரோட்ல நடந்து பாருங்க. மூணு இடத்தில மேடை, ஒவ்வொண்ணுலயும் பம்பு வைச்சு ரப்பர் குழாய்ல அடிக்கிறாங்க. குடிச்சிட்டு ஆடுறவன் பால்குடமா வெறும் குடமான்னு பார்க்க மாட்டான். ஒரு வருசம் சித்திரை 1-க்குச் சின்னதா பால் அபிஷேகம் வைச்சப்ப நான் போனேன். என் முன்னாடி வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க, மஞ்சப் புடவை, ரெண்டு கையும் தலைக்கு மேல குடத்தைப் பிடிச்சிருக்கு. அந்த நிலையில மேல தண்ணி அடிச்சா அதுங்க எதை மறைக்கும்? குடத்தை விட முடியுமா, மாரைத்தான் மறைக்க முடியுமா? பின்னாடி வந்த பாட்டி ஒருத்தி தன் துண்டை எடுத்துப் போத்தினா. அந்தப் பிள்ளைங்க மறு வருசம் குடம் எடுக்க வரல.

கமிட்டியில இதை யாராவது பேசினீங்களா? பேசியிருக்க மாட்டீங்க. கமிட்டியில ஒரு பொம்பளை கிடையாது.

வடக்குத்தெரு

அக்கா, நீங்க சொன்னது பெரிய விஷயம், லேசா எடுத்துக்கல. அதுக்கு வழி இருக்கு. ஊர்வலத்தை மெயின் ரோடு விட்டுக் கீழ்க்கரை வழியாத் திருப்பலாம். மேடைக்காரப் பசங்ககிட்ட முன்னாடியே பேசினா ஒரு மணி நேரம் பம்பை நிறுத்துவாங்க. வெள்ளிக் கிண்ணத்தில தண்ணி எடுத்து, தபியே தழையைத் தோய்ச்சுத் தோள்ல தெளிக்கிறதுதான் பர்மாக்காரங்க பழைய முறை. பெரியவங்களுக்குத் தலை முழுக வைக்கிறதும், நகம் வெட்டி விடுறதும், வர்றவங்களுக்கெல்லாம் சத்துதித்தான்னு இலவசச் சாப்பாடு போடுறதும் திஞ்சான்லதானே? அவங்க சத்துதித்தாவும் நம்ம அன்னதானமும் பக்கத்துப் பக்கத்துல நடந்தா ஊருக்கே நல்லது.

மோல்மேன் மருமகள்

வெள்ளிக் கிண்ணக்காரங்க வீட்டுக்குள்ள இருக்காங்க தம்பி. ரோட்ல இருக்கிறது பம்பு.

தமிழ்ப்பள்ளி வாத்தியார்

இளைஞர்கள் இவ்வளவு அக்கறையோடு விவாதிப்பது நிறைவாக இருக்கிறது. என் பங்குக்குச் சில செய்திகள்.

1942 ஜனவரி 31 அன்று மோல்மேன் ஜப்பானியர் கைக்குப் போனது. இந்தியாவை நோக்கி நடந்தவர்கள் நடந்தார்கள். போக வழியில்லாதவர்கள் இங்கேயே பதுங்கினார்கள். அந்த ஆண்டுப் பங்குனியில் கொடி ஏறவில்லை, மேளம் இல்லை. ஆனால் உத்திரத்தன்று ஒரே ஒரு கரகம் கடலிலிருந்து வந்தது என்று என் தகப்பனார் சொல்லுவார். அடுத்த ஆண்டு தன்பியூசயாட்டில் சயாம் ரயில் பாதை வேலை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதை நெடுகிலும் செத்து விழுந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தன்பியூசயாட்டில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அங்கே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அந்த ஆண்டிலும் உத்திரம் நடந்தது.

1962-இல் ஆட்சி மாறியது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறியவர்களை நானே வழியனுப்பியிருக்கிறேன். வடக்குத்தெருவில் பாதி வீடு காலி. அந்தப் பங்குனியிலும் நாளை மாற்றலாம் என்று எவரும் கேட்கவில்லை. ஆள் குறைந்தால் நாளை மாற்றுவது என்ற வழக்கத்தை இப்போது தொடங்கினால், இன்னும் ஆள் குறையும்போது எதை மாற்றுவோம்?

பைவலை

வாத்தியார் ஐயா மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு அவருக்கே தெரியும். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர். ஆனா ஒண்ணு கேக்கணும். நாள் மாறலை, சரி. திருவிழா மாறலையா? எங்க ஆயா காலத்தில காப்புக் கட்டினா பதினஞ்சு நாள், தினம் ஒரு மண்டகப்படி. செட்டியார் மண்டகப்படி, ஆலைக்காரங்க மண்டகப்படி, சலவைக்காரர் மண்டகப்படின்னு ஒவ்வொரு நாளும் ஒருத்தருக்கு உரிமை. கப்பல் ஏறினவங்களோட மண்டகப்படியும் போச்சு. இப்ப பத்து நாள். பத்து நாளும் அம்மனுக்கு விளக்குப் போடுறது பூசாரி வீடு ஒண்ணுதான். சுருங்கினது சுருங்கிப்போச்சு, அதை யாரும் குத்தம் சொல்லல. காலத்துக்குத் தக்கபடி குறைக்கலாம், ஆனா நகர்த்தக் கூடாதுன்னா அது என்ன கணக்கு?

அடுத்து என் பிழைப்பு. நான் பைவலைப் படகுல பங்காளி. நீரோட்டத்தை எதிர்த்து வலையைக் கட்டிட்டுக் காத்திருக்கிற தொழில். ஓட்டம் வேகமா இருந்தாத்தான் வலை நிறையும். பௌர்ணமி அமாவாசைத் தண்ணியிலதான் சம்பாத்தியம். அட்டமி நவமியில வலையைக் காயப்போட்டுட்டு ஓட்டையை அடைப்போம். உத்திரம் எப்பவும் பௌர்ணமியை ஒட்டி வருது. அதாவது வருசத்திலேயே நல்ல தண்ணி ஓடுற நாள்ல நான் காப்புக் கட்டிக்கிட்டுக் கரையில உக்காந்திருக்கேன். இதை வருத்தமாச் சொல்லல. அம்மாவுக்குக் கொடுக்கிறது அந்த மீன்தான்னு நினைச்சுக்குவேன். ஆனா என் கூட்டாளிங்க மூணு பேர் மோன் இனத்துக்காரங்க. நான் இல்லாட்டிப் படகு போகாது. அவங்களும் எனக்காகச் சேர்ந்து சும்மா இருக்காங்க. ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்ல. அவங்க தண்ணிக் காவல் தெய்வம் ஊஷின்ஜிக்குத் தேங்காயும் வாழைச்சீப்பும் வைக்கும்போது நம்ம அம்மாவுக்கும் சேர்த்து ஒரு சீப்பு வைக்கிறாங்க.

கரகவீட்டுத் தங்கச்சி சொன்ன தண்ணிக் கணக்கு நூத்துக்கு நூறு உண்மை. ஒரு படகுக்காரன் அதை மறுக்க முடியாது. அதே தண்ணிக்கு இன்னொரு பக்கமும் இருக்குங்கிறதுக்காகத்தான் எழுதினேன். நான் எந்தக் கட்சின்னு இன்னும் முடிவு பண்ணல.

கரகவீட்டுப் பேத்தி

அண்ணே, உங்க கூட்டாளிங்க விஷயம் சொன்னது நல்லதாப் போச்சு. கீழ்க்கரையில எறால் காயப்போடுற மோன் பொம்பளைங்களைப் பாருங்க. கரகம் வர்ற அன்னிக்கு நாம கேக்காமலே பாயைச் சுருட்டிடுவாங்க. ஙப்பி (எறால் விழுது) பானையை மூடி வைச்சு, வாசல் கழுவி, ஒரு குடம் மஞ்சத்தண்ணியோட நிக்கிறாங்க. இதுக்குக் கமிட்டி கடிதம் போடலை, யாரும் போய்ச் சொல்லல. பௌர்ணமி வெள்ளம் வந்தா காளியம்மா வருவான்னு அவங்க பாட்டி சொல்லிக் கொடுத்தது. (மாரியம்மனைக் காளியம்மான்னுதான் சொல்லுவாங்க, சொல்லட்டும்.) நாளை மாத்தினா நம்ம ஆளுங்களுக்கு மெசேஜ் போடலாம். அவங்களுக்கு யார் சொல்றது? திஞ்சான் நாள்ல அவங்க பிள்ளையைச் சின்னத் துறவியாக்குற ஷின்பியூ வைப்பாங்க, பொங்கிகளுக்கு (பிக்குகளுக்கு) சோறு போடுவாங்க. நம்ம வாசலுக்கு வர நேரம் ஏது?

சிரியம்ரோடு

ரங்கூன்லேருந்து எழுதுறேன். என் மனைவி உங்க ஊர்ப் பொண்ணு. இங்கே பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயில் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வருது. தேதியை யாரும் நகர்த்தல, ஜனம்தான் நகர்ந்து வருது. கோயிலைப் பெருசா எடுத்துக் கட்டுங்க, நல்லா விளம்பரம் பண்ணுங்க, தானா வருவாங்க.

ரப்பர்காடு

அண்ணே, பீலிக்கான் ரங்கூனுக்குப் பக்கம். காலையில போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். நம்ம ஊருக்கு வர்ற வழி உங்களுக்கே தெரியும். 2005-ல தான்லுவின் பாலம் திறக்கிற வரைக்கும் மார்த்தபான்ல ரயிலை விட்டு இறங்கிப் படகேறித்தான் மோல்மேன் வரணும். இப்பப் பாலம் இருக்கு, ஆனா வழியில எத்தனை சோதனைச் சாவடி. கோபுரத்துக்குப் புதுசா வர்ணம் அடிச்சா மட்டும் ஆள் வந்துடாது.

மகாச்சாயிலிருந்து

எல்லாரும் எங்களைப் பத்திப் பேசுறீங்க. நானும் கொஞ்சம் எழுதுறேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து போன்ல அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு விஷயம். சோங்க்ரான் லீவு இருந்தா எல்லாரும் வந்துடுவோம்னு வடக்குத்தெரு அண்ணன் நினைக்கிறார். 2024 பிப்ரவரியில ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்ததிலேருந்து 18-லேருந்து 35 வயசுக்குள்ள இருக்கிற ஆம்பளை யாருக்கும் ஊர்ப்பக்கம் வர தைரியம் இல்ல. அந்த வருசம் திஞ்சான் சமயத்திலேயே தாய்லாந்து எல்லையில இருக்கிற மியாவடியில சண்டை. என் ரூம்ல இருக்கிறவங்கள்ல ரெண்டு பேருக்குத்தான் 35 தாண்டியிருக்கு, அதுல நான் ஒருத்தன். அதனால எங்களுக்காக மாத்துறோம்னு சொன்னா, எத்தனை பேருக்காக மாத்துறீங்கன்னு யோசிச்சுக்கங்க. 2020-ல கொரோனாவுக்குத் திஞ்சானையே நிறுத்தினாங்க. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்கு அப்புறம் அது எப்படி நடந்துச்சுன்னு நீங்க பார்த்தீங்க. அதுவும் சாசுவதம் இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டு, நான் மாத்துற பக்கம்தான். ஏன்னு சொல்றேன். நான் சின்ன வயசுல மஞ்சக்காமாலையில கிடந்தப்ப, பிழைச்சு எழுந்தா பூக்குழி இறங்குவான்னு அம்மா நேர்ந்துக்கிட்டாங்க. எழுந்துட்டேன். இறங்கல. ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒரு தடை, அப்புறம் இங்கே வந்துட்டேன். அம்மாவுக்கு இப்பக் கண் மங்குது. போன் பண்ணும்போதெல்லாம் கேக்கிறது அது ஒண்ணுதான். பங்குனியில லீவு கேட்டா வேலை போயிடும், திரும்பி வந்தா சேத்துக்க மாட்டாங்க. சோங்க்ரான்ல கேட்டா கிடைக்கும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளி வாத்தியார்

தம்பி, உன் தாயாரை எனக்கு நன்றாகத் தெரியும். நேர்த்திக்கடனை அம்மன் வட்டி போட்டு வசூலிப்பதில்லை. வர முடியாதவன் முடி காணிக்கை அனுப்பலாம், அவன் பெயரில் வீட்டார் மாவிளக்குப் போடலாம். இதுவெல்லாம் வழக்கில் உள்ளதுதான்.

மகாச்சாயிலிருந்து

ஐயா, மன்னிக்கணும். மாவிளக்கு அம்மா வருசா வருசம் போடுறாங்க. அவங்க நேர்ந்துக்கிட்டது என் காலை. விளக்கு அதுக்கு ஈடாகாதுன்னு அவங்களே சொல்றாங்க.

கரகவீட்டுப் பேத்தி

உங்க கதையைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. ஆனா இதைக் கேக்காம இருக்க முடியாது. பூக்குழி இறங்கணும்னா பத்து நாள் காப்பு. கொடியேறின அன்னிக்குக் கையில மஞ்சக் கயிறு கட்டினா, அப்புறம் கவிச்சி இல்ல, பாய் தலையணை இல்ல, ஊர் எல்லை தாண்டக்கூடாது. சோங்க்ரான் லீவு மூணு நாள், வழியிலேயே ரெண்டு நாள் போயிடும். திஞ்சானுக்கே மாத்தினாலும் நீங்க பத்து நாள் எப்படி இங்கே இருப்பீங்க? காப்பு இல்லாம உங்களை இறங்க விட்டா நெருப்பு சுடும், அப்புறம் ஊர் உங்களைத்தான் பேசும்.

மகாச்சாயிலிருந்து

இதுக்குப் பதில் யோசிச்சு வைச்சிருக்கேன் அக்கா. பேங்காக் சீலோம் ரோட்ல மாரியம்மன் கோயில் இருக்கு. இங்கே அதை வாட் கேக்னு சொல்லுவாங்க. தாய்க்காரங்களே வரிசையில நின்னு கும்பிடுற கோயில். மகாச்சாய்லேருந்து போயிட்டு வந்துடலாம். ஊர்ல கொடியேறுற அன்னிக்கே நான் அந்த அம்மன் வாசல்ல மஞ்சக் கயிறு கட்டிக்கிறேன். பத்து நாளும் தரையில படுக்கிறேன், சோறும் மோரும்தான். கம்பெனியில நாள் முழுக்கக் கை மீனுக்குள்ளதான் இருக்கும், அது என் தொழில், அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? வாய்க்கு ஒரு துண்டு போகாது. குழிக்கு முந்தின நாள் ஊர் வந்து சேர்ந்துடுவேன். இதைப் பூசாரி ஒத்துக்குவாரா?

பைவலை

ஒத்துக்கணும். மீன்ல கை வைச்சவன் காப்புக் கட்டக் கூடாதுன்னா நம்ம ஊர்ல பாதிப் பேர் கட்ட முடியாது. நான் காப்புக் கட்டின கையாலதான் வலையை மடிச்சு வைக்கிறேன். செதில் ஒட்டாத கயிறு எது?

வடக்குத்தெரு

பூசாரி மாமாகிட்ட நேத்து ராத்திரி கேட்டேன். எல்லை தாண்டக்கூடாதுங்கிறது இங்கே கட்டினவனுக்கு, அங்கே கட்டினவன் அங்கேருந்து இங்கே வர்றது அம்மனைத் தேடி வர்றதுதான், அது தாண்டினதாகாதுன்னார். அதனால அந்தக் கேள்வி தீர்ந்துச்சு. இப்ப நாள் விஷயத்துக்கு வருவோம்.

பைவலை அண்ணன் எனக்குத் தனியா ஒரு யோசனை சொன்னார். காப்பு, கரகம், பூக்குழி உத்திரத்திலேயே இருக்கட்டும். அன்னதானம், கூத்து, பிள்ளைங்க விளையாட்டுப் போட்டி இதெல்லாம் சித்திரை 1-க்குப் போகட்டும்னார். நல்ல மனசோட சொன்ன யோசனை. ஆனா எனக்கு அதில உடன்பாடு இல்ல. வெளிநாட்டில இருக்கிறவங்க அனுப்புற பணத்துலதான் போன மூணு வருசமா ஓலைப் பந்தலே போட்டோம். சாமி ஒரு நாள், சாப்பாடு ஒரு நாள்னு பிரிச்சு, அவங்களைச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டா அது நியாயமா? கஷ்டப்பட்டு வர்றவனுக்குக் குழியைக் காட்டாம இலையைக் காட்டினா அவன் மறு வருசம் ஏன் வருவான்?

மோல்மேன் மருமகள்

பணம் அனுப்புறவங்களுக்கு உரிமை இருக்கு, மறுக்கல. ஆனா பணத்தை வைச்சு நாளை முடிவு பண்ணாதீங்க. 1987-ல 25, 35, 75 சாட் நோட்டு ஒரே நாள்ல செல்லாமப் போச்சு. எங்க மாமனார் அப்போ ஒரு கோயில்ல பொருளாளர். உண்டியலைத் திறந்து எண்ணி அடுக்கி வைச்ச கட்டெல்லாம் குப்பை. அந்த வருசம் திருவிழா நடந்தது வீட்டுக்கு வீடு கொடுத்த ஒரு படி அரிசியில. அரிசியைக் கொடுத்ததும், பொங்கினதும், குடம் எடுத்ததும் ஊர்ல இருந்த பொம்பளைங்க.

இன்னிக்கும் அப்படித்தான். வருசம் பூரா வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டு, கோலம் போட்டு, பிள்ளைங்களைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துட்டு வந்து விடுறது யார்? அவங்ககிட்ட எந்த நாள் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாங்க திரும்பி வர்றவங்களை வேணாம்னு சொல்லல. இருக்கிறவங்களோட நாளைப் பிடுங்கி வராதவங்களுக்கு எடுத்து வைக்காதீங்கன்னு சொல்றோம்.

ரப்பர்காடு

அக்கா, ஊர்ல இருக்கிறவங்கன்னா கோயில் தெருவுல இருக்கிறவங்க மட்டும்தானா? எங்க லயம் பதினஞ்சு மைல்தான் தள்ளி. நாங்க எங்கேயும் போகல, இங்கேயேதான் இருக்கோம். இருந்தும் எங்களால வர முடியல. இந்தப் பேச்சுல எங்களை ஊர்க் கணக்குலயும் சேக்கல, வெளிநாட்டுக் கணக்குலயும் சேக்கல.

மோல்மேன் மருமகள்

தம்பி, அது நியாயமான கேள்வி. முதலாளிகிட்ட ஒரு நாள் கேக்கக் கமிட்டி ஆளுங்க வரலாமே? தீபாவளிக்கு நாடு பூரா அரசாங்க லீவு இருக்கு. உத்திரத்துக்கு நம்ம வட்டாரத் தோட்டங்கள்ல மட்டும் ஒரு நாள் விடுங்கன்னு யாராவது போய்க் கேட்டிருக்காங்களா? நாளை மாத்துறதுக்கு எடுத்த முயற்சியில பாதியை இதுக்கு எடுங்க.

ரப்பர்காடு

யாரும் கேட்டதில்ல. வாத்தியார் ஐயா வந்தா எங்க முதலாளி எழுந்து நின்னு பேசுவார். அவர் மகனும் ஐயாகிட்டத்தான் கணக்குப் படிச்சான்.

தமிழ்ப்பள்ளி வாத்தியார்

வருகிறேன். ஒரு தோட்டத்துக்கு மட்டும் போய்ப் பயனில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்துப் போவோம். அறுவடை மும்முரம் ஓய்ந்ததும், தை பிறந்து முதல் வாரம் சரியாக இருக்கும்.

கரகவீட்டுப் பேத்தி

என் நிலையைத் தெளிவாச் சொல்லிடுறேன், கமிட்டியில அப்படியே படிங்க. சீலோம் அம்மன் வாசல்ல கட்டின காப்பை நான் ஏத்துக்கிறேன். யார் கேட்டாலும் எங்க வீடு அதுக்குச் சாட்சி நிக்கும். பூக்குழியில முதல்ல இறங்குறது கரகம், அதுக்கு அடுத்தவனா மகாச்சாய்த் தம்பி இறங்கட்டும். ஆனா வெள்ளம் ஏறாத நாள்ல நான் கரகம் எடுக்க மாட்டேன். கமிட்டி சித்திரை 1-னு முடிவு பண்ணினா வேற வீட்டுக்குச் சொல்லிடுங்க. கோபத்துல சொல்லல. என் பாட்டி கையில நான் பார்த்த தண்ணி அது.

மகாச்சாயிலிருந்து

அக்கா, நீங்க எடுக்காத கரகத்துக்குப் பின்னால நான் இறங்கி என் அம்மாகிட்ட என்ன சொல்றது? ஏப்ரல் 1-க்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன். இல்லேன்னா வேலையை விட்டுட்டு வரணும். அதை அம்மாகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் யாரும் சொல்லாதீங்க.

வடக்குத்தெரு

வேலையை விடாதீங்க. நான் இன்னும் மாத்துற பக்கம்தான், இதையெல்லாம் படிச்ச பிறகும். ஒரு ஆளை வேலையை விட வைக்கிற நாள் சரியான நாள்னு என் மனசு ஒத்துக்கல. ஆனா வர்ற வருசத்துக்கு நேரம் போதாது. 2026 உத்திரத்திலேயே நடக்கட்டும். 2027-க்கு எந்த நாள்னு பங்குனி முடிஞ்சதும் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு பண்ணுவோம். அந்தக் கூட்டத்துல வீட்டுக்கு ஒரு ஓட்டு இல்ல, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு நான் முன்மொழிவேன். பெண்களும் கையெழுத்துப் போடணும். லயத்துக்காரங்களும் வரணும்.

மோல்மேன் மருமகள்

அந்த முன்மொழிவைப் பங்குனி முடியட்டும்னு தள்ளாம அடுத்த கமிட்டிக் கூட்டத்துலயே வைங்க. நான் வழிமொழிய வர்றேன்.

பைவலை

ஏப்ரல் 1 பூக்குழின்னா மார்ச் 22 வாக்கில கொடியேத்தம். விறகு தை மாசமே சொல்லி வைக்கணும், போன தடவை மாதிரி பச்சை விறகு வந்து புகையா கிளம்பக் கூடாது. புளிய விறகு எங்கே கிடைக்கும்? ரப்பர்காட்டுத் தம்பி, தோட்டத்து ஓரமா நின்ன அந்தப் பழைய புளியமரம் புயல்ல சாஞ்சதுன்னு சொன்னியே, முதலாளி அதை வித்துட்டாரா?

ரப்பர்காடு

இன்னும் விக்கல. மரம் அப்படியே கிடக்கு. நாளைக்கே கேட்டுச் சொல்றேன்.